பெட்ன் வவுண்டர் நிர்வாணக் கடற்கரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில், பென்சான்ஸ் ஊரைத் தாண்டிப் போனால் ட்ரீன் என்றொரு சின்னக் கிராமம் வரும். அதன் கீழே கருங்கல் பாறைச் சரிவுகளின் அடியில் ஒளிந்திருக்கிறது பெட்ன் வவுண்டர். கார்ன்வால் மக்களின் பழைய மொழியில் 'சந்தின் முனை' என்று பொருள். ஆடையில்லாமல் குளிக்கவும் வெயில் காயவும் பல பத்தாண்டுகளாக ஆட்கள் வந்துபோகும் இடம் அது.

நான் கும்பகோணத்துக்காரி. பிளைமவுத்தில் குடியிருக்கிறேன். 2017 கோடையில் என் கணவருடன் முதன்முறை அங்கே போனேன். அதன்பின் பல தடவை போயாகிவிட்டது. விஷயம் தெரிந்த தோழிகளும் தோழிகளின் தோழிகளும் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படிப்பதற்கு முன் ஒன்று. கேட்கிற எல்லோருக்கும் அங்கே இருக்கும் மனிதர்களைப் பற்றித்தான் பயம். கடலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெட்ன் வவுண்டரில் பயப்பட வேண்டியது கடலுக்கும் பாறைக்கும்தான்.

பொது இடத்தில் அம்மணமாக இருப்பது குற்றம் இல்லையா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெறுமனே ஆடையில்லாமல் இருப்பது குற்றம் அல்ல. 2003-ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டத்தில் 66-ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவர் தன் பிறப்புறுப்பை வேண்டுமென்றே காட்டி, அதைப் பார்க்கிறவர் பதற வேண்டும் அல்லது வேதனைப்பட வேண்டும் என்ற நோக்கமும் வைத்திருந்தால்தான் அந்தப் பிரிவின்படி குற்றம். வெயில் காய்ந்துகொண்டு படுத்திருப்பவருக்கு அந்த நோக்கம் கிடையாது. 1986-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டமும் உண்டு. அது அடுத்தவரை மிரட்டுவது, தொல்லை கொடுப்பது போன்ற நடத்தைக்கானது. அரசுத் தரப்பு வழக்கறிஞர்களுக்கான வழிகாட்டுதலும் வெயில் காயவும் குளிக்கவும் ஆடையில்லாமல் இருப்பதையும் தொல்லை கொடுக்கும் நடத்தையையும் பிரித்தே பார்க்கிறது.

மாணவர்கள் சிலர் விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று கேட்டார்கள். சட்டப்படி குற்றமே இல்லாத ஒரு காரியத்துக்காக விசாவில் கை வைக்க மாட்டார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம். ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு.

இது அறிவிக்கப்பட்ட நிர்வாணக் கடற்கரையா?

இல்லை. வழக்கத்தால் அப்படி ஆன இடம். அரசோ உள்ளாட்சியோ எல்லைக் கம்பம் நட்டுப் பிரித்துக் கொடுத்தது அல்ல. அதனால் ஆடையுடன் இருப்பவர்களும் இல்லாதவர்களும் கலந்தே இருப்பார்கள். சமூக வலைதளங்களில் இந்த விரிகுடாவின் பச்சை நீலத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இப்போது மிக அதிகம். ஆகஸ்ட் சனி, ஞாயிறுகளில் நீச்சலுடைக்காரர்கள்தான் பெரும்பான்மை. நிர்வாணக் கடற்கரைக்காரர்கள் அவர்களை 'டெக்ஸ்டைல்' என்பார்கள். துணிக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் கேலி எதுவும் இல்லை, ஒரு குறிச்சொல், அவ்வளவுதான்.

அங்கே போனால் ஆடையைக் கழற்றியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. என் கணவர் முதல் நாள் முழுக்க அரைக்கால் சட்டையுடன்தான் உட்கார்ந்திருந்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாவது முறை போனபோது தண்ணீரில் இறங்கும்போது மட்டும் கழற்றினார். மூன்றாவது முறை அவருக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. அவரவர் வேகம் அவரவருக்கு. உங்களை அழைத்துப் போகிறவர், கணவரோ மனைவியோ காதலரோ, "கழற்று" என்று வற்புறுத்தினால் அன்றைக்குப் போகவே போகாதீர்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

லண்டன் பாடிங்டனிலிருந்து பென்சான்ஸுக்கு நேர் ரயில் உண்டு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். படுக்கை வசதியுள்ள இரவு ரயிலும் ஓடுகிறது. பென்சான்ஸிலிருந்து போர்த்கர்னோ பக்கம் போகும் பேருந்தில் ட்ரீன் கிராமத்துக்கான திருப்பத்தில் இறங்கிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் பேருந்து குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். காரில் வருகிறவர்கள் ட்ரீனில் காசு கொடுத்து நிறுத்தலாம். கிராமத்துச் சந்துகளில் ஓரங்கட்டி நிறுத்தாதீர்கள். அந்தச் சந்தில் டிராக்டரும் வர வேண்டும், ஆபத்து நேரத்தில் ஆம்புலன்ஸும் வர வேண்டும்.

கிராமத்திலிருந்து வயல் நடுவே ஒரு நடைபாதை. கால் மணி நேரம் நடந்தால் தென்மேற்குக் கரையோரப் பாதையைத் தொடுவீர்கள். கீழே பார்த்ததும் நிச்சயம் நின்றுவிடுவீர்கள். மணல் வெளுப்பாக இருக்கும், காரணம் அது பெரும்பாலும் சிப்பித் தூள். அதன்மேல் ஆழமில்லாத தண்ணீர் நிற்கும்போதுதான் அந்த நிறம் வருகிறது.

இறங்கும் வழி உண்மையிலேயே அவ்வளவு கஷ்டமா?

ஆமாம். பாதை முதலில் புதர்களுக்கு நடுவே சாய்வாக இறங்கும். கடைசிப் பகுதியில் பாதை என்று ஒன்று இல்லை. பாறையைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டு, கையால் பிடித்துக் காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள், உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். மழை பெய்த அன்றும் மறுநாளும் நானே இறங்க மாட்டேன். செருப்பு ஆகாது, பிடிப்புள்ள ஷூ போடுங்கள். இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். அதனால் எல்லாம் முதுகுப் பையில் போகட்டும். குளிர்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு பாதியில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏறுவதற்குத் தேவையான தெம்பையும் வைத்திருங்கள். பகல் முழுக்க வெயிலில் கிடந்துவிட்டு, தண்ணீர் குடிக்காமல், மாலையில் அந்தப் பாறையில் ஏறும்போதுதான் கால் நடுங்கும்.

எந்த நேரத்தில் போக வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஓதம் என்றால் தினமும் கடல் மட்டம் ஏறி வடிவது. மெரினாவில் அது ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் நம்மில் பலருக்குக் கடல் மட்டம் என்பது ஓரிடத்தில் நிற்கும் ஒன்று. இங்கே அப்படி இல்லை. பக்கத்தில் நியூலின் துறைமுகத்தில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் ஐந்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வீட்டு மொட்டை மாடியை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிட உயரம். ஓதம் வடிந்திருக்கும்போது பெட்ன் வவுண்டரில் மணல் மேடு எழும்பி நடுவே ஒரு குளம் போலத் தேங்கி நிற்கும். ஆறு மணி நேரம் கழித்து அந்த மேடும் குளமும் நீங்கள் துண்டு விரித்த இடமும் தண்ணீருக்கு அடியில் இருக்கும். பாறை அடிவாரத்தில் ஒரு கீற்று மணல் மிஞ்சினால் உண்டு. பெரிய ஓத நாட்களில் அதுவும் பெரும்பாலும் மிஞ்சாது.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அசைவே தெரியாது. மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடும். "இப்போதுதானே திரும்பியது, இன்னும் நேரம் இருக்கிறது" என்று நினைப்பவர்கள் மாட்டுவது அங்கேதான்.

என் கணக்கு இது: ஓதம் முழுக்க வடியும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு மணலில் இருப்பேன், அது திரும்பி ஒன்றரை மணி நேரத்துக்குள் பாறையில் ஏறத் தொடங்கியிருப்பேன். இந்தக் கரையில் ஒரு வசதி உண்டு. அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து ஓதம் மிகத் தாழும் நேரம் நடுப்பகலை ஒட்டியே வரும். அதனால் வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்தே நான் பயணத் தேதியைக் குறிப்பேன். அப்புறம் நியூலினுக்கான ஓத அட்டவணையில் சரிபார்ப்பேன். அச்சடித்த அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைத் தவறவிட்டால் உங்கள் கணக்கு முழுதும் ஒரு மணி நேரம் பிசகும்.

இதெல்லாம் நான் பட்டுக் கற்றது. இரண்டாவது தடவை, பாறையில் இறங்கப் பயந்து, பக்கத்துப் போர்த்கர்னோ கடற்கரையிலிருந்து வடிந்த மணல் வழியாகவே நடந்து வந்தோம். காலணிகளைக்கூட அங்கே காரிலேயே விட்டிருந்தோம். வெயில் நன்றாக இருந்தது, பேச்சும் நீண்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியில் இடுப்பளவு தண்ணீர், அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது. அதில் இறங்காமல், வெறுங்காலோடு பாறை வழியே மேலேறினோம். என் உள்ளங்காலில் இரண்டு வெட்டு. இறங்கி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. போர்த்கர்னோவிலிருந்து மணல் வழியாக வராதீர்கள். பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும், ஆனால் அதுதான் ஆபத்தான வழி.

நீந்தலாமா?

பெட்ன் வவுண்டரில் உயிர்காக்கும் காவலர்கள் இல்லை. கோடையில் அவர்கள் இருப்பது போர்த்கர்னோவில். மணல் மேட்டைச் சுற்றி நீரோட்டம் பலமாக ஓடும். ஓதம் வடியும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் ஒரு வாய்க்கால் பிடித்து வெளியே பாயும், அதில் நிற்கக்கூடாது. நான் இடுப்பளவுக்கு மேல் போவதில்லை.

ஆகஸ்ட், செப்டம்பரில்கூடத் தண்ணீர் 16, 17 டிகிரிதான். குதித்தவுடன் மூச்சு முட்டும், அதனால் மெதுவாக இறங்குங்கள். இழுபட்டுவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காதீர்கள். மல்லாந்து, காதுகள் தண்ணீரில் இருக்க, மூச்சு சீராகும்வரை மிதங்கள், பிறகு கையைத் தூக்கி உதவி கேளுங்கள். கரையில் இருப்பவர் அவசர எண் 999-ஐ அழைத்து, கடலில் மீட்புப் பணி செய்யும் கோஸ்ட்கார்டைக் கேட்க வேண்டும். பாறைக்கு அடியில் போன் சிக்னலை முழுதாக நம்ப முடியாது. அதனால் எப்போது திரும்புவோம் என்று மேலே யாரிடமாவது சொல்லிவிட்டு வருவது நல்லது.

வீவர் என்றொரு சின்ன மீன் மணலுக்குள் முள்ளை நீட்டிக்கொண்டு புதைந்திருக்கும். மிதித்தால் தேள் கொட்டியது போலக் கடுக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும். பிளாஸ்க்கில் நான் வெந்நீர் கொண்டுபோவது தேநீருக்காக மட்டும் அல்ல.

எல்லோரும் என் உடம்பைப் பார்ப்பார்களே?

முதலில் ஒரு பார்வை விழும், புதிதாக வந்த யார்மீதும் விழும் பார்வை. பிறகு அவரவர் புத்தகம், அவரவர் தூக்கம்.

எனக்கு உடம்பில் வெண்புள்ளிகள் உண்டு. பன்னிரண்டு வயதில் முதுகில் தொடங்கி வயிறு, தொடை என்று பரவியது. தொற்று நோய் அல்ல, வலியும் இல்லை, நிறமிகள் போய்விட்டன, அவ்வளவே. ஆனால் ஊரில் அதற்கு என்ன பெயர் சொல்வார்கள், பெண் பார்க்க வரும்போது அது என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. காவிரியில் எல்லாப் பெண்களும் குளிக்கும்போது நான் மட்டும் முழுக்கை ரவிக்கையோடு படித்துறையில் உட்கார்ந்திருப்பேன். திருமணமாகி ஆறு வருடம்வரை வீட்டிலேயே விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடை மாற்றினேன்.

பெட்ன் வவுண்டரில் முதல் நாள் சேலை அளவுக்குப் பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே எழுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி. அந்த அம்மாவுக்கு ஒரு மார்பகம் இல்லை, அந்த இடத்தில் நீளமாய் ஒரு தழும்பு. அவர் எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, கடலை நோக்கி நடந்துபோனார். அந்தத் தழும்பை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. அது அவருடைய முழங்கை போல அங்கே இருந்தது. நான் துண்டை எடுத்துவிட்டேன். முதுகில் காற்று பட்டது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு வெளியில் என் முதுகில் காற்று பட்டது அன்றுதான்.

பெரிய வயிறு, பிரசவக் கோடுகள், அறுவைத் தழும்பு, செயற்கைக் கால் எல்லாம் அங்கே பார்க்கலாம். விளம்பரங்களில் வரும் உடம்பு மிக அபூர்வம். நிறத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆமாம், பெரும்பாலும் வெள்ளையர்கள்தான் வருகிறார்கள், நாம் தனித்துத் தெரிவோம். எனக்கு இதுவரை அங்கே மோசமாக எதுவும் நடக்கவில்லை. எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று நான் உறுதி தர முடியாது.

பெண்கள் தனியாகப் போகலாமா?

நான் தனியாகப் போனதில்லை. ஆட்களுக்காக அல்ல, இறங்கும் பாறைக்காக. கணுக்கால் பிசகினால் பக்கத்தில் ஒருவர் வேண்டும். ஆட்களைப் பொறுத்தவரை, நடமாட்டம் உள்ள பகுதியில், தம்பதிகளுக்கோ பெண்களுக்கோ அருகில் இடம் பிடியுங்கள். இடம் நிறைய இருக்கும்போது ஓர் ஆண் வந்து ஒட்டி உட்கார்ந்தால், எழுந்து வேறு இடம் போய்விடுங்கள், மரியாதைக்காக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. யாராவது பாலியல் நோக்கோடு நடந்துகொண்டால் அது நிர்வாணக் கடற்கரையின் பழக்கம் அல்ல, குற்றம். சத்தமாகச் சொல்லுங்கள். சுற்றி இருக்கும் வழக்கமான ஆட்கள் உங்கள் பக்கம்தான் நிற்பார்கள், இந்த இடத்தின் பெயர் கெடக்கூடாது என்ற அக்கறை அவர்களுக்கு அதிகம். போலீசையும் அழைக்கலாம்.

யாராவது படம் எடுத்துவிட்டால்?

நேர்மையாகச் சொல்கிறேன், முழு உத்தரவாதம் கிடையாது. இந்த நாட்டில் பொது இடத்தில் படமெடுப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. மேலே கரையோரப் பாதையில் நடப்பவர்கள் இந்த விரிகுடாவைப் படமெடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து முகம் தெரியாது, ஆனாலும் மனம் உறுத்தினால் பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும். இயற்கை, பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை தன் நிலத்திலிருந்து அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடுவதைத் தடுத்திருக்கிறது. மணலில் அருகிலிருந்து ஒருவர் போனை உங்கள் பக்கம் திருப்பினால் நேராகப் போய் அழிக்கச் சொல்லுங்கள்.

மறைவு தேடி பாறைச் சுவரின் அடியில் மட்டும் ஒண்டாதீர்கள். மேலிருந்து கல் விழும். தனியாகக் கிடக்கும் பாறைத் திட்டுகளின் ஓரமே நல்லது.

எழுதப்படாத மரியாதைகள் என்னென்ன?

உட்காரும் இடத்தில் எப்போதும் துண்டு. முறைக்காதீர்கள், பேசும்போது முகத்தைப் பாருங்கள். போனைப் பைக்குள் வையுங்கள், உங்கள் குழுவைப் படமெடுப்பதாக இருந்தாலும் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுங்கள். பாதையில் ஏறும் முன் உடுத்திக்கொள்ளுங்கள், ட்ரீன் மக்கள் அவர்கள் கிராமத்தில் அமைதியாக இருக்க விரும்புகிறார்கள். கழிப்பறை கிடையாது, குப்பைத் தொட்டியும் கிடையாது. ட்ரீனிலோ போர்த்கர்னோவிலோ போய்விட்டு வாருங்கள், கொண்டுபோனதை எல்லாம் திருப்பிக் கொண்டுவாருங்கள், ஆரஞ்சுத் தோல் உட்பட.

ஆண்களின் கேள்வி: உடம்பு தன்னால் கிளர்ந்துவிட்டால்?

என் கணவரிடம் கேட்டு எழுதுகிறேன். பயப்படும் அளவுக்கு அது நடப்பதில்லை என்கிறார். கூச்சமும் குளிர்ந்த காற்றும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. நடந்துவிட்டால் கவிழ்ந்து படுங்கள், அல்லது துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். காட்டிக்கொண்டு நடப்பதுதான் தப்பு.

மாதவிடாய் நாட்களில்?

டாம்பூன் அல்லது கப் பயன்படுத்துகிறவர்கள் வழக்கம்போல வரலாம். இல்லாவிட்டால் கீழாடையோடு இருங்கள். அப்படி இருக்கும் பெண்களை எப்போதும் பார்க்கலாம், யாரும் காரணம் கேட்பதில்லை.

என்ன எடுத்துப்போக வேண்டும்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், சாப்பாடு, இரண்டு துண்டு, காற்று திரும்பினால் போட ஒரு கம்பளிச் சட்டை. நாங்கள் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோவோம், பாறை ஏறிய பிறகும் கெடாது. கடை எதுவும் கீழே இல்லை.

சன்ஸ்கிரீன் கட்டாயம். "இங்கிலாந்து வெயில் நம்மை என்ன செய்யும்" என்பது நம்மவர்களின் பொதுவான தவறு. ஜூனில் தெற்கு நோக்கிய இந்த மணலில் மேலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வெயில் அடிக்கும், காற்று குளிர்வதால் சுடுவது தெரியாது. வாழ்நாளில் வெயிலே படாத தோல் அரை மணியில் கன்றிவிடும். என்னைப் போல வெண்புள்ளி உள்ளவர்கள் அந்த இடங்களில் 50 எண் சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நனைந்து எழும்போதெல்லாமும் பூச வேண்டும். அங்கே காக்க நிறமியே இல்லை.

நம் பண்பாட்டுக்கு இது ஒத்துவருமா?

'ஆள் பாதி ஆடை பாதி' என்று கேட்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் என் பாட்டி கடைசிவரை ரவிக்கை போட்டதில்லை. வயலில் நாற்று நட்டார், கோயிலுக்குப் போனார், யாரும் அவரை வெட்கம் கெட்டவர் என்று சொல்லவில்லை. என் அம்மா தலைமுறையில் ரவிக்கை இல்லாமல் வாசலுக்கு வருவதே முடியாது என்றாகிவிட்டது. எது வெட்கம் என்பது ஐம்பது வருடத்தில் மாறியதை என் வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். 'அம்மணம்' என்ற நம் சொல்லே, ஆடை துறந்த அமணர்களின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். துறவின் அடையாளமாக இருந்த சொல்.

இதை வெள்ளைக்காரர் பழக்கம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஆங்கிலேயர்களின் முதல் நிர்வாணக் குழு என்று சொல்லப்படுவது இங்கிலாந்தில் தொடங்கவில்லை, 1891-இல் பம்பாயை அடுத்த தானேயில் தொடங்கியது. அங்கே நீதிபதியாக இருந்த சார்லஸ் எட்வர்டு கார்டன் கிராஃபோர்டு என்பவர் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, மொத்தம் மூன்றே பேருடன் அதை நடத்தினார். இங்கிலாந்திலிருந்த எழுத்தாளர் எட்வர்டு கார்ப்பெண்டருக்கு அவர் எழுதிய கடிதங்களால்தான் விஷயம் நமக்குத் தெரிகிறது. இங்கிலாந்து மண்ணில் எசெக்ஸில் ஒரு சிறு குழு கூடியது 1924-இல். நிர்வாணப் பழக்கம் உள்ளவர்களுக்கான இன்றைய பிரிட்டிஷ் நேச்சரிசம் அமைப்பு 1964-இல் உருவானது.

வீட்டில் சொல்ல வேண்டுமா என்பது உங்கள் முடிவு. நான் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதுகில் வெயில் பட்டா எரியலியா?" என்று கேட்டார்.

இந்தப் பாறை நமக்கு ஆகாது. எளிதான இடம் உண்டா?

உண்டு, முதல் தடவைக்கு அதுவே நல்லது. டோர்செட்டில் ஸ்டட்லண்ட் விரிகுடா: நேஷனல் டிரஸ்ட் நிலம், சமதளமான மணல், நிர்வாணப் பகுதிக்குத் தனி அடையாளக் கம்பங்கள், நடக்கும் தூரத்தில் கழிப்பறையும் உணவகமும். எல்லை தெளிவாக இருப்பதால் மனக் குழப்பம் இல்லை. பிரைட்டனில் 1980-இல் நகராட்சியே ஒரு பகுதியை ஒதுக்கியது. கூழாங்கல் கரை, ஊருக்குள் இருப்பதால் ஒதுக்குப்புறம் என்று சொல்ல முடியாது. நார்ஃபோக்கில் ஹோல்கம், பரந்த மணலும் பைன் மரங்களுமாக இருக்கும்.

போன அன்று மழை வந்துவிட்டால்?

இறங்காதீர்கள். மேலே பாதையிலேயே கிழக்கே நடந்தால் லோகன் பாறை தெரியும். ஒரு பெரிய கருங்கல் மற்றொன்றின் மேல் தொட்டால் ஆடும்படி நின்றிருந்தது. 1824-இல் கோல்ட்ஸ்மித் என்ற கடற்படை லெஃப்டினன்ட் மாலுமிகளோடு வந்து அதைத் தள்ளிவிட்டார். ஊரே கொதித்து எழ, அதே வருடம் கப்பிகளும் சங்கிலிகளும் வைத்து அவரே அதைத் தூக்கி வைக்க வேண்டியதாயிற்று. முன்போல அது ஆடுவதில்லை என்கிறார்கள்.

மழை பலத்தால் போர்த்கர்னோவுக்குப் போய்விடுங்கள். 1870-இல் இந்தியாவிலிருந்து வந்த கடலடித் தந்திக் கம்பி கரையேறியது அங்கேதான். பம்பாயில் தட்டிய செய்தி ஏடன், சூயஸ், மால்டா, ஜிப்ரால்டர் வழியாக இந்தச் சின்ன விரிகுடாவுக்கு வந்து சேர்ந்தது. தந்தி நிலையம் இப்போது அருங்காட்சியகம். மணல் முடியும் இடத்தில் கம்பிகள் கரையேறிய சிறு கட்டடமும் நிற்கிறது. உள்ளே சுவரில் கம்பிகளின் முனைகள் இன்னும் இருக்கின்றன, எது எந்த ஊருக்குப் போனது என்று பெயர் எழுதி.